ஸ்ட்ரைக்குப் போனால் சம்பளம் மட்டும் போகுமா, வேலையும் போகுமா?

நாஞ்சில்_டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், குவாசுலு நட்டால் மாகாணத்தில் ஆசிரியர் வேலை பார்க்கிற தமிழ் ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கம். என் வீட்டுக்காரர் ஸ்டேங்கருக்கு வடக்கே ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஒப்பந்த வேலை, ஒர்க் விசா. வார நாட்களில் பள்ளி கொடுத்த குடியிருப்பிலேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டர்பன் வருவார். நான் டர்பன் பக்கம் பீனிக்ஸில் ஒரு ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குச் சம்பளம் தருவது அரசு இல்லை. பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து பள்ளி நிர்வாகக் குழு தருகிறது.

இந்த முறை சம்பளப் பேச்சு முறிந்தால் ஸ்ட்ரைக்தான் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர், ஒரு மாதச் சம்பளம் மொத்தமாகப் போகும் என்கிறார். இன்னொருவர், ஒன்றும் போகாது, யூனியன் பேசி வாங்கிக் கொடுத்துவிடும் என்கிறார். வீட்டுக்காரர் பள்ளியில், வராதவர்கள் பெயரை எல்லாம் எழுதி மேலே அனுப்புவோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவர் எந்த யூனியனிலும் இல்லை. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. ஸ்ட்ரைக்குப் போனார் என்பதற்காக அதைப் புதுப்பிக்காமல் விட்டால் விசா என்ன ஆகும்? அந்தக் குடியிருப்பை விட்டுக் கிளம்பச் சொல்வார்களா? என் பள்ளியில் அரசுச் சம்பளம் வாங்கும் டீச்சர்கள் எல்லாரும் போகப்போகிறார்கள், நீயும் வா என்கிறார்கள். நான் போகலாமா?

இவ்வளவு பயம் ஏன் என்று நினைக்கலாம். என் அப்பா தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர். 2003 ஜூலையில் ஸ்ட்ரைக் நடந்தபோது ஒரே கையெழுத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வேலையை விட்டு எடுத்தார்களே, அதில் அவரும் ஒருவர். அப்புறம் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பச் சேர்ந்தார். அந்த நாட்களில் அம்மா அடுக்களையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்ட்ரைக் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்_வாத்தியார் எழுதியது:

அம்மா, முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேறு நாட்டுச் சட்டத்தில். அந்தப் பணிநீக்கத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான் 2003 ஆகஸ்ட் 6ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. இங்கே அது அப்படியே தலைகீழ். நம் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவிலேயே ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலைநிறுத்த உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. 'ஒவ்வொரு தொழிலாளி' என்றுதான் இருக்கிறதே தவிர, 'குடிமகன்' என்று இல்லை. உங்கள் வீட்டுக்காரரும் அதில் அடக்கம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன். 2007லும் 2010லும் ஸ்ட்ரைக்கில் இருந்தேன், 2010ல் எங்கள் பள்ளியின் யூனியன் பிரதிநிதியும் நான்தான். அதனால் புத்தகத்தில் படித்ததையும் அனுபவித்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: அந்த ஸ்ட்ரைக் சட்டப் பாதுகாப்பு உள்ளதா இல்லையா? 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் இதற்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. பிரச்சினையை முதலில் பேரக் கவுன்சிலுக்கு, அதாவது முதலாளியும் யூனியனும் உட்கார்ந்து பேரம் பேசுகிற அமைப்புக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லா அரசு ஊழியருக்கும் பொதுவான சம்பளம் என்றால் பொதுச் சேவைப் பேரக் கவுன்சில், கல்வித்துறைக்கு மட்டுமானது என்றால் கல்வித் தொழிலாளர் உறவுக் கவுன்சில். அங்கே தீரவில்லை என்று சான்றிதழ் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் 30 நாள் கழிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுத்தில் நோட்டீஸ். தனியார் முதலாளி என்றால் 48 மணி நேரம் போதும், அரசு முதலாளியாக இருந்தால் 7 நாள். இது எல்லாம் சரியாக நடந்திருந்தால், ஸ்ட்ரைக்கில் கலந்துகொண்டார் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு எடுக்க முடியாது. எடுத்தால் அது தன்னாலேயே நியாயமற்ற பணிநீக்கம். தொழிலாளர் நீதிமன்றம் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம், அல்லது 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். ஒப்பந்தத்தை மீறினார் என்று வழக்குப் போடவும் முடியாது.

வழிமுறை சரியாக நடக்கவில்லை என்றால் கதை வேறு. பாதுகாப்பு இல்லாத ஸ்ட்ரைக்கில் கலந்துகொள்வது ஒழுங்கு மீறல், அதற்கு வேலை போகவும் வாய்ப்பு உண்டு. அப்போதும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்துவிட முடியாது. முதலில் யூனியனோடு பேச வேண்டும், இத்தனை மணிக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் இன்ன நடவடிக்கை என்று தெளிவாக எச்சரிக்கை கொடுக்க வேண்டும், யோசித்து முடிவெடுக்க அவகாசம் தர வேண்டும். அதனால் அந்த எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்தால் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள், அன்றைக்கே திரும்பிப் போங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். நீதிமன்றம் தடை உத்தரவு போட்டாலும் அப்படியே.

இன்னொன்று, 14 நாள் பயம். ஆசிரியர் பணிச் சட்டம், 1998, அதன் 14ஆம் பிரிவில் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் வராத ஆசிரியர் வேலையை விட்டு நீக்கப்பட்டதாகவே கருதப்படுவார் என்று இருக்கிறது. 2007 ஸ்ட்ரைக் ஜூன் 1 முதல் 28 வரை நீடித்தது, அதனால் பதினைந்தாம் நாள் எங்கள் பள்ளியில் பாதிப் பேர் இதைச் சொல்லி நடுங்கினார்கள். பாதுகாப்பு உள்ள ஸ்ட்ரைக்கில் இருப்பவருக்கு இதைப் போட முடியாது. இரண்டு சட்டம் மோதினால் தொழிலாளர் உறவுச் சட்டமே மேல் என்று அதன் 210ஆம் பிரிவு சொல்கிறது, அதற்கு மேலே அரசியல் சட்டம் மட்டும்தான். அதே 2007ல் நர்ஸுகள் உட்பட மருத்துவமனை ஊழியர்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பணிநீக்கக் கடிதம் போனது உண்மைதான். ஆனால் அவர்கள் வேலை அத்தியாவசியச் சேவை, அதில் ஸ்ட்ரைக்கே கூடாது. ஆசிரியர் வேலையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று அரசியல்வாதிகள் அவ்வப்போது குரல் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் யூனியனில் இல்லை என்றீர்கள். பரவாயில்லை. யூனியன் கொடுத்த ஒரே நோட்டீஸ் அந்த முதலாளியிடம் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் பொருந்தும், உறுப்பினர் அல்லாதவர் தனியாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2012ல் சொல்லிவிட்டது. ஆனாலும் யூனியனில் சேர்ந்துவிடச் சொல்லுங்கள். ஏதாவது நடந்தால் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும், வக்கீல் செலவு தனி ஆளால் தாங்க முடியாது.

குடியிருப்பு விஷயம் இந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது, நீங்கள் கேட்டது நல்லது. சம்பளத்தோடு சேர்த்து முதலாளி தருகிற தங்குமிடத்தை, பாதுகாப்பு உள்ள ஸ்ட்ரைக் நடக்கும்போது நிறுத்தக் கூடாது, ஊழியர் கேட்டால் தொடர்ந்து தந்தே ஆக வேண்டும். அந்த நாட்களுக்கான வாடகை மதிப்பைப் பிறகு திரும்பக் கேட்கலாம். அதையும் சம்பளத்தில் தானாகப் பிடித்துக்கொள்ள முடியாது, தொழிலாளர் நீதிமன்றத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதனால் அவரைத் தொடர்ந்து தங்க விடும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

பே_ஸ்லிப்_அக்கா எழுதியது:

நான் பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், சம்பளப் பேப்பர் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். வாத்தியார் ஐயா சொன்ன சட்டம் சரி, நான் காசு பக்கம் சொல்கிறேன்.

ஸ்ட்ரைக் பாதுகாப்பு உள்ளதோ இல்லாததோ, வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. யூனியன் வாங்கிக் கொடுத்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள். யூனியனால் அதிகபட்சம் செய்ய முடிவது, பிடித்தத்தை ஒரே மாதத்தில் போடாமல் சில மாதங்களுக்குப் பிரித்துப் போடும்படி பேசுவதுதான். அதுவும் ஒவ்வொரு முறையும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரைக் நடந்த மாதமே பணம் குறையாது. பெர்சால் என்கிற அரசுச் சம்பளக் கணினியில் சம்பளம் ஏற்கனவே ஓடியிருக்கும், வராத நாட்கள் பட்டியல் பள்ளியிலிருந்து போய்ச் சேர நாளாகும். அதனால் முதல் மாதம் முழுச் சம்பளம் வரும், ஆஹா தப்பித்தோம் என்று செலவு செய்வார்கள். அப்புறம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து ஒரே அடியாகக் குறையும், ஆனால் வீட்டுக் கடனும் கார் கடனும் மெடிக்கல் எய்டும் வழக்கம்போலத் தேதி தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். 2010ல் எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் பே ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் அழுதார், மகனுடைய பல்கலைக்கழகக் கட்டணம் அந்த மாதம்தான் கட்ட வேண்டியிருந்தது. முழுச் சம்பளம் வந்தாலும் போகாத நாளுக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். நீங்கள் எந்தெந்தத் தேதி போகவில்லை என்று டைரியில் எழுதுங்கள். ஸ்ட்ரைக் முடிந்து திரும்பிய நாளையும் சேர்த்துப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன், டாக்டர் சான்றிதழோடு லீவில் இருந்தவரை ஸ்ட்ரைக் பட்டியலில் போட்டதையும் பார்த்திருக்கிறேன். தேதி கையில் இருந்தால்தான் திருத்தச் சொல்லிக் கேட்க முடியும்.

இதில் லாபம் என்ன நஷ்டம் என்ன என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2010ல் யூனியன்கள் கேட்டது 8.6 சதவீதமும் வீட்டுப்படி மாதம் 1000 ரேண்டும். ஸ்ட்ரைக்குக்கு முன் அரசு தருவதாகச் சொன்னது 7 சதவீதமும் 700 ரேண்டும். ஆகஸ்ட் 18ல் தொடங்கி செப்டம்பர் 6ல் நிறுத்தி வைத்தார்கள், கடைசியில் கிடைத்தது 7.5 சதவீதமும் 800 ரேண்டும். வேலை நாட்கள் மட்டும் எண்ணினால் 14. கணக்கு எளிதாக இருக்க மாதச் சம்பளம் 10,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 நாளுக்கு ஏறக்குறைய 6,450 ரேண்ட் போகிறது. கூடுதலாகக் கிடைத்த அரை சதவீதம் 50 ரேண்ட், வீட்டுப்படியில் 100 ரேண்ட், ஆக மாதம் 150. போனதைத் திரும்ப எடுக்க 43 மாதம், அதாவது மூன்றரை வருஷம். அந்த அரை சதவீதம் அடுத்தடுத்த உயர்வுகளுக்கும் பென்ஷனுக்கும் அடிப்படையில் சேர்ந்துவிடுகிறது என்பதால் நீண்ட நாள் வேலையில் இருப்பவருக்கு லாபம்தான். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறவருக்கு அந்த மூன்றரை வருஷம் கையில் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் ஸ்ட்ரைக்குக்கு எதிரானவள் இல்லை. கணக்குத் தெரியாமல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

---

கரும்புக்காட்டுப்_பையன் எழுதியது:

அக்கா, நிர்வாகக் குழுச் சம்பளம் வாங்குகிற நீங்கள் தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள், நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்.

நானும் உங்களை மாதிரி நிர்வாகக் குழு வைத்த ஆசிரியன்தான், டோங்காட் பக்கம். சில வருஷங்களுக்கு முன் அரசு ஆசிரியர்கள் வெளியே போனபோது பக்கத்து வகுப்பு ஆட்கள் எல்லாம் போகிறார்களே, நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தால் எப்படி முகத்தில் விழிப்பது என்று நானும் போனேன். மூன்றாம் நாள் கையில் கடிதம். காரணம் என்னவென்றால், நமக்கு முதலாளி அரசு இல்லை. பள்ளிச் சட்டம், 1996, அதன் 20ஆம் பிரிவுப்படி நம்மை வேலைக்கு வைத்திருப்பது அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழு. அரசோடு யூனியன் போடுகிற சம்பளச் சண்டையில் நாம் கட்சியே இல்லை, ஜெயித்தாலும் அந்த உயர்வு நமக்கு வராது. அதனால் அவர்களுடைய நோட்டீஸ் நம்மைக் காக்காது. நாம் போனால் அது அனுமதி இல்லாமல் வேலைக்கு வராததாகத்தான் கணக்கு.

ஆதரவு வேலைநிறுத்தம் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதற்கு நம் யூனியன் நம்முடைய நிர்வாகக் குழுவுக்குத் தனியாக 7 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும், அங்கே அசல் ஸ்ட்ரைக்கும் பாதுகாப்பு உள்ளதாக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அப்படி யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடைசி எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் அந்த எச்சரிக்கைக் காலம் முடிகிற வரைக்கும் ஐந்து நிமிடம் தாமதமானாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். நமக்கு வேலை போனால் போக வேண்டிய இடம் கல்விக் கவுன்சில் இல்லை, சி.சி.எம்.ஏ என்கிற தொழிலாளர் சமரச ஆணையம். வேலை போன நாளிலிருந்து 30 நாளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆதரவு காட்ட வேறு வழி இருக்கிறது அக்கா. பள்ளி விட்ட பிறகு வாசலில் அவர்களோடு நில்லுங்கள், தேநீர் கொண்டுபோய்க் கொடுங்கள், உண்டியலில் பத்து இருபது போடுங்கள். வகுப்பில் இருக்கும்போது ஸ்ட்ரைக்குப் போனவருடைய வகுப்பையும் சேர்த்துப் பார் என்று சொன்னால் என்னால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாதுகாப்பு உள்ள ஸ்ட்ரைக்கில் இருக்கிறவருடைய வேலையை நீங்கள் செய்ய மறுத்தால், அதற்காக உங்களை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

---

மெரிபேங்க்_தாய் எழுதியது:

நான் டீச்சர் இல்லை. 2010ல் என் பெரியவன் மெட்ரிக், பள்ளியின் கடைசி வருஷம். மாதிரித் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தது. அவனுடைய பௌதிக ஆசிரியர் ஸ்ட்ரைக்கில் இருந்துகொண்டே, கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பையன்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். சம்பளம் போய்க்கொண்டிருந்த நேரம் அது, ஒரு காசு வாங்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தோம், வாங்க மாட்டேன் என்றவரை அவர் மனைவிதான் சமாதானம் செய்தார். ஆசிரியர்கள் கேட்பது நியாயமான சம்பளம். அதைப் பெற்றோர்களாகிய நாங்களும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

---

நாஞ்சில்_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ராத்திரி வீட்டுக்காரருக்குப் போனில் இதை முழுசாக வாசித்துக் காட்டினேன். நான் போகக் கூடாது என்பது தெளிவாகிவிட்டது, தம்பி உங்களுக்குத் தனியாக நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் அது வேலையை விட்டு எடுத்ததாகுமா, இல்லை காலம் முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடலாமா? அப்புறம், போக விரும்பாதவர் வேலைக்குப் போனால் வாசலில் தொந்தரவு வருமா? அவர் பள்ளியில் இரண்டு பேர் அப்படிப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

---

சாட்ஸ்வொர்த்_வாத்தியார் எழுதியது:

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்று அவர் நியாயமாக எதிர்பார்க்கக் காரணம் இருந்தால், அதைப் புதுப்பிக்காமல் விடுவதையே பணிநீக்கம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், 186ஆம் பிரிவு. காரணம் என்றால், இதற்கு முன் எத்தனை முறை புதுப்பித்தார்கள், அடுத்த வருஷத்துக் கால அட்டவணையில் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்களா, தலைமை ஆசிரியர் எழுத்தில் ஏதாவது சொல்லியிருக்கிறாரா, இப்படி. அந்தக் காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள், டிசம்பரில் தேடினால் கிடைக்காது. ஸ்ட்ரைக்கில் இருந்ததுதான் காரணம் என்று காட்ட முடிந்தால் வழக்கு இன்னும் வலுவாகும். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், வழக்கில் ஜெயிப்பது வேறு, ஜனவரியில் விசாவைக் கையில் வைத்திருப்பது வேறு. வழக்கு மாதக் கணக்கில் இழுக்கும், விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது. சட்டம் அவர் பக்கம் இருந்தாலும் அவருடைய நிலைமை, நிரந்தர வேலையில் இருந்த என்னுடைய நிலைமை மாதிரி இல்லை. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வெளியே நிற்க வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நானாக இருந்தால் முதலில் யூனியனில் சேர்ந்து, நோட்டீஸையும் சான்றிதழையும் கண்ணால் பார்த்து, அப்புறம் முடிவு செய்வேன்.

வேலைக்குப் போகிறவர்கள் விஷயம். போக அவர்களுக்கு உரிமை இருக்கிறது. வாசலில் அமைதியாக நின்று பேசலாம், பாடலாம், பலகை பிடிக்கலாம், யாரையும் தொடக் கூடாது, மிரட்டக் கூடாது. மிரட்டினால் பாதுகாப்பு உள்ள ஸ்ட்ரைக்கிலும் ஒழுங்கு நடவடிக்கை வரும், அதில் வேலை போனால் யூனியனாலும் காப்பாற்ற முடியாது. 2010ல் பக்கத்துப் பள்ளியில் வேலைக்குப் போன ஒரு பெண் டீச்சருடைய காரைச் சூழ்ந்துகொண்டு தட்டினார்கள். நம் ஆட்கள்தான். நான் போய் விலக்கிவிட்டேன், அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன், அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே போக முடியாத அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தால், உடனே தலைமை ஆசிரியருக்கும், கல்வித்துறையின் உள்ளூர் அலுவலகமான சர்க்கிட் ஆபீஸுக்கும் எழுத்தில் தெரிவித்து, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், எங்கே வரட்டும் என்று கேட்டு வைக்கட்டும். அந்தச் செய்தி போனில் இருந்தால், அவர்களையும் ஸ்ட்ரைக்கில் இருந்தவர்களாகக் கணக்குப் போட்டுச் சம்பளம் பிடிப்பதைத் தடுக்கலாம்.

---

நாஞ்சில்_டீச்சர் எழுதியது:

ஐயா, இன்று காலையில் அவர் யூனியன் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார். குடியிருப்புக்கான கடிதமும் எழுதி வைத்திருக்கிறார், நோட்டீஸ் வந்த அன்றைக்குக் கொடுப்பாராம். நோட்டீஸ் வந்தால் முதல் மூன்று நாள் மட்டும் போவது, அந்த மூன்று நாள் சம்பளத்தை இப்போதே எடுத்து வைப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். ஊரில் அப்பாவுக்கும் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நோட்டீஸ் ஏழு நாள் முன்னாடி கொடுத்தாச்சான்னு மாப்பிள்ளையை நல்லாப் பார்க்கச் சொல்லு" என்றார்.